மனுஷனோட இயல்பை அளக்க முடியுமா? மண்டை ஓட்டுல ஆரம்பிச்சு ஜீன் வரைக்கும் வந்த ஒரு பழைய தப்பு

அமெரிக்காவுல சில கம்பெனிங்க ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) கருக்களோட டிஎன்ஏவைப் படிச்சு, எந்தக் கரு வளந்தா ஐக்யூ அதிகமா வரும்னு வரிசைப்படுத்தித் தர்றோம்னு சொல்றதா செய்தி வந்ததுலேருந்து எல்லாரும் இதைப் பத்திதான் பேசுறாங்க. ஒரு சாரார், புத்தியெல்லாம் பொறப்புலயே முடிவாயிடுது, இப்ப சயின்ஸே நிரூபிச்சிருச்சுங்கறாங்க. இன்னொரு சாரார், ஐக்யூங்கறதே சுத்தப் பொய், அதுல ஒண்ணுமே இல்லங்கறாங்க. ரெண்டுமே சரியில்ல. ஏன் சரியில்லன்னு புரியணும்னா மேற்கத்திய நாடுகள்ல மனுஷனோட இயல்பை சயின்ஸ் வழியா புரிஞ்சுக்க எப்படியெல்லாம் முயற்சி பண்ணாங்க, எந்த இடத்துல தடம் மாறுனாங்கன்னு பாக்கணும்.

மூணு படி

இந்த வரலாறு முழுக்க ஒரே மாதிரி மூணு படி திரும்பத் திரும்ப வரும். இதை மனசுல வச்சுக்கிட்டா மீதியெல்லாம் சுலபம்.

1. மனுஷனோட உடம்பையோ நடத்தையையோ அளந்து ஒரு நம்பர் எடுக்குறது.
2. அந்த நம்பருக்கு ஒரு பேர் வச்சு, அந்தப் பேர்ல ஆளுக்குள்ள ஒரு சரக்கு நிஜமாவே இருக்குன்னு எடுத்துக்கிறது.
3. அந்தச் சரக்கு பொறப்புலயே வந்தது, மாத்தவே முடியாதுன்னு சொல்றது.

முதல் படி சயின்ஸ், பெரும்பாலும் நேர்மையாத்தான் நடந்திருக்கு. ரெண்டாவதுக்குத் தனியா ஆதாரம் வேணும், மூணாவதுக்கு அதை விட்டுத் தனியா இன்னொரு ஆதாரம் வேணும். இதுல நடந்த கொடுமைங்க பெரும்பாலும் முதல் படியில நின்னுக்கிட்டு நேரா மூணாவதுக்குத் தாவுனதால வந்ததுதான்.

மனசை அளக்கலாம்ங்கற எண்ணம் எங்கேருந்து வந்துச்சு

17ஆம் நூற்றாண்டுல கலிலியோ மாதிரி ஆளுங்க பொருட்களோட இயக்கத்தைக் கணக்கால விளக்குனதைப் பாத்துட்டு, மனுஷனையும் இப்படியே விளக்கிடலாமேன்னு தத்துவவாதிங்களுக்கு ஆசை வந்துச்சு. இங்கிலாந்துக்காரர் தாமஸ் ஹாப்ஸ் 1636ல கலிலியோவை நேர்ல போய்ப் பாத்தவரு, ஆசை பயம் எல்லாமே உடம்புக்குள்ள நடக்குற இயக்கம்தான்னு எழுதுனாரு. பிரான்ஸ்ல தெகார்த் உடம்பை ஒரு மெஷினாவே பாத்தாரு, ஆனா ஆன்மாவை மட்டும் வெளிய எடுத்து வச்சுட்டாரு. டேவிட் ஹியூம் 1739ல, இயற்கையை ஆராய்ற அதே சோதனை முறையை மனுஷ விஷயத்துலயும் கொண்டு வரணும்னு புத்தகமே போட்டாரு. ஆனா ஹியூம் லேப்ல ஒண்ணும் பண்ணல, தன் மனசையும் சுத்தி இருக்கற மனுஷங்களையும் கவனிச்சுத்தான் எழுதுனாரு. மனசைப் பத்திக் கணக்கு போட முடியாது, அதனால அது இயற்பியல் மாதிரி ஒரு சயின்ஸ் ஆகாதுன்னு 1786ல கான்ட் சொல்லிட்டாரு.

இந்தக் கதவைத் திறந்தது ஒரு தவளைக் கால். நரம்புல செய்தி போற வேகத்தை அளக்கவே முடியாதுன்னு அந்தக் காலத்துப் பெரிய உடலியல் அறிஞர் யொஹானஸ் முல்லர் நினைச்சிருந்தாரு, அவரோட மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 வாக்குல தவளை நரம்புல அதை அளந்தே காட்டிட்டாரு, நொடிக்கு சுமார் 27 மீட்டர்தான், ரயில் வேகம். இது ஏன் பெரிய விஷயம்னா, உணர்றதுக்கும் அசையறதுக்கும் நேரம் எடுக்குதுன்னா அந்த நேரத்தை அளக்கலாம், அளக்கலாம்னா சோதனை பண்ணலாம். 1879ல வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியில லைப்சிக் பல்கலைக்கழகத்துல உளவியலுக்குன்னு லேப் தொடங்குனது இந்த வழியில வந்ததுதான். இது வரைக்கும் எல்லாரும் முதல் படியிலதான் இருக்காங்க.

மண்டை ஓட்டுக் காலம்

இதுக்கு முன்னாடியே இன்னொரு பாதை ஓடிட்டு இருந்துச்சு. வியன்னாவுல ஃபிரான்ஸ் யோசஃப் கால்னு ஒரு டாக்டர் 1796லேருந்து பாடம் எடுத்தாரு. மூளை ஒரே பொருள் இல்ல, 27 தனித்தனி உறுப்பு சேந்தது, திருட்டுப் புத்தி, பாசம், கணக்குத் திறமை ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம், எந்த உறுப்பு பெருசோ அந்த இடத்துல மண்டை ஓடு மேடா இருக்கும், தடவிப் பாத்தே ஆளோட குணத்தைச் சொல்லிடலாம்னாரு. மூளையோட ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலைங்கறது பாதி உண்மை, 1861ல பாரிஸ்ல பால் புரோக்கா, பேச்சு போன ஒரு நோயாளி இறந்ததும் மூளையைத் திறந்து இடது முன்பக்கத்துல சேதம் இருந்ததைக் காட்டுனாரு. மேடு பள்ளம் பாத்துக் குணம் சொல்றதுதான் சுத்தப் பிசகு.

பிசகு எங்கன்னா, அந்தக் கொள்கை எந்த எதிர் உதாரணத்தையும் முழுங்கிடும். திருட்டு மேடு இருக்கற ஒருத்தன் யோக்கியனா இருந்தா, அவனுக்கு வேற ஒரு நல்ல உறுப்பு பெருசா இருந்து அதை அடக்கிடுச்சுன்னு சொல்லிடுவாங்க. எது நடந்தாலும் சரின்னு வர்ற கொள்கை உண்மையில எதையுமே சொல்லல.

மண்டையை அளக்கற இந்தப் பழக்கம் காலனி ஆட்சியோட நம்ம ஊருக்கும் வந்துச்சு. சென்னை அரசு அருங்காட்சியகத்தோட கண்காணிப்பாளரா இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியா முழுக்க ஜாதி வாரியா மூக்கு, தலை எல்லாம் அளந்து 1909ல ஏழு தொகுதியா வெளியிட்டாரு. 1901 சென்சஸ் கமிஷனரா இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக சமூகத்துல அந்தஸ்து குறையுதுன்னு ஒரு விதியே எழுதுனாரு. ஏற்கெனவே இருந்த மேல் கீழை மூக்கோட அளவுல போய்த் தேடி, அது இயற்கையோட ஏற்பாடுன்னு முத்திரை குத்துன வேலை இது, மூணாவது படிக்கு இதை விடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

சராசரி மனுஷனும் கால்டனும்

பெல்ஜியத்து வானியல் அறிஞர் கெட்லே, நட்சத்திரத்தை அளக்கும்போது வர்ற பிழைங்க மணி வடிவத்துல, அதாவது நடுவுல கூட்டமாவும் ரெண்டு ஓரத்துலயும் கம்மியாவும், பரவுறதைப் பாத்திருந்தாரு. மனுஷங்க அளவும் அப்படியே பரவுதுன்னு கண்டுபிடிச்சு 1835ல 'சராசரி மனுஷன்'னு ஒரு கருத்தைக் கொண்டு வந்தாரு. இன்னிக்கு டாக்டர் சொல்ற பிஎம்ஐ இவர் போட்ட கணக்குதான்.

கெட்லேக்கு சராசரிதான் லட்சியம், டார்வினோட உறவுக்காரர் ஃபிரான்சிஸ் கால்டன் அதை அப்படியே திருப்பிட்டாரு, அவருக்கு முக்கியம் சராசரிக்கு மேல இருக்கறவங்க. 1869ல அவர் எழுதுன புத்தகத்துல, பெரிய நீதிபதிங்க, அரசியல்வாதிங்க, விஞ்ஞானிங்க எல்லாம் ஒரே குடும்பங்கள்ல அடுத்தடுத்து வர்றாங்க, அதனால மேதைமை ரத்தத்துல வருதுன்னாரு. ஆனா அந்தக் குடும்பங்கள்ல ரத்தம் மட்டுமா வந்துச்சு, சொத்து, நல்ல ஸ்கூல், சிபாரிசு எல்லாமே சேந்துதான் வந்துச்சு. இதையும் அதையும் அவர் பிரிச்சுக் காட்டவே இல்ல. 1883ல 'யூஜெனிக்ஸ்'ங்கற வார்த்தையை உருவாக்குனாரு, நல்ல ரத்தம் பெருகணும், மட்டமானது குறையணும்ங்கற திட்டம். அடுத்த வருஷமே லண்டன் கண்காட்சியில மூணு பென்னி கட்டணத்துக்கு பார்வை, கேட்கும் திறன், கைப்பிடி பலம், மூச்சு எல்லாம் அளந்து 9,337 பேரோட கணக்கைச் சேத்தாரு.

இன்னிக்கு எந்தப் புள்ளியியல் பாடத்துலயும் இருக்கற கோரிலேஷன் (ரெண்டு அளவு சேந்து மாறுதான்னு பாக்கறது), ரிக்ரெஷன் (ஒண்ணை வச்சு இன்னொண்ணைக் கணிக்கறது) ரெண்டுமே இவர்கிட்டேருந்து வந்ததுதான். கருவி நல்ல கருவி. அதை வச்சு அவர் எழுதுன தீர்ப்புதான் தப்பு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

பினே செஞ்சது என்ன, மத்தவங்க அதை என்ன ஆக்குனாங்க

இதுதான் இந்தக் கதையோட மையம். ஆல்ஃப்ரெட் பினே பிரெஞ்சு உளவியலாளர். அவரும் முதல்ல ஸ்கூல் பிள்ளைங்களோட தலையைத்தான் அளந்தாரு. நல்லாப் படிக்கற பிள்ளைக்கும் படிக்காத பிள்ளைக்கும் வித்தியாசம் மில்லிமீட்டர் கணக்குலதான் வந்துச்சு, அதுவும் தன்னோட எதிர்பார்ப்பே தன் கையை இழுத்திருக்குமோன்னு அவருக்கே சந்தேகம் வந்து அந்த வழியை விட்டுட்டாரு. தன் கையையே சந்தேகப்பட்ட இந்த ஒரு குணத்துக்காகவே அவர் மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

1904ல பிரெஞ்சு கல்வி அமைச்சகம் ஒரு குழு போட்டுச்சு. சாதாரண வகுப்புல தடுமாறுற பிள்ளைங்களை எப்படிக் கண்டுபிடிச்சு உதவுறதுங்கறதுதான் கேள்வி. 1905ல பினேயும் அவரோட கூட வேலை பாத்த சிமோனும் சேந்து 30 சின்னச் சின்ன வேலை வச்சாங்க, எரியற தீக்குச்சியைக் கண்ணால தொடர்றதுல ஆரம்பிச்சு, சாக்லேட்டையும் மரத்துண்டையும் பிரிச்சறியறது, நம்பரைத் திருப்பிச் சொல்றது, வார்த்தைங்களுக்கு நடுவுல வித்தியாசம் சொல்றதுன்னு போகப் போகக் கஷ்டமாகும். 1908ல இதை வயசு வாரியா அடுக்குனாங்க, 8 வயசுப் பிள்ளை 6 வயசுக்கான கேள்வி வரைக்கும்தான் செய்யுதுன்னா அதுக்குக் கூடுதல் கவனம் வேணும்.

பினே எச்சரிச்சது இது:

1. இது நீளத்தை ஸ்கேல் வச்சு அளக்கற மாதிரி புத்தியை அளக்கற கருவி இல்ல.
2. உதவி தேவைப்படற பிள்ளையை அடையாளம் காணத்தான் இது, முத்திரை குத்த இல்ல.
3. புத்தி மாறாத அளவு, கூட்டவே முடியாதுன்னு சொல்றது கொடூரமான அவநம்பிக்கை, அதை எதிர்த்து நிக்கணும்.

பின்தங்குன பிள்ளைங்களுக்குன்னு கவனம், ஞாபகம், பொறுமை வளக்குற பயிற்சிகளையும் அவர் வடிவமைச்சாரு. 1911ல இறந்துட்டாரு. அடுத்த வருஷம் வில்லியம் ஷ்டெர்ன் மன வயசை (எந்த வயசுக்கான கேள்வி வரைக்கும் செய்யுதோ அதை) உடல் வயசால வகுக்கலாம்னாரு, 1916ல ஸ்டான்ஃபோர்டுல லூயிஸ் டெர்மன் அதை 100ஆல பெருக்கி ஐக்யூ ஆக்குனாரு. ரெண்டு கூடுதல் வேலையிலயே கருவியோட குணம் மாறிடுச்சு பாருங்க. 'இந்தப் பிள்ளைக்கு ரெண்டு வருஷம் பின்தங்கல், உதவி பண்ணுங்க'ங்கறது போய் 'இவன் 75'னு ஆயிடுச்சு.

அட்லாண்டிக்கைத் தாண்டுனதும்

நியூ ஜெர்சியில வைன்லேண்ட் பள்ளியில இருந்த ஹென்ரி கொடார்டு பினேயோட கேள்விங்களை மொழிபெயர்த்து எடுத்துட்டு வந்தாரு, எச்சரிக்கைங்களை விட்டுட்டாரு. மன வளர்ச்சிக் குறைவு ஒரே ஒரு ஜீனால வருதுங்கற அளவுக்குப் போனாரு. 1913ல, நியூயார்க் துறைமுகத்துல குடியேறிகளைச் சோதிச்சு உள்ள விடற எல்லிஸ் தீவுல, கப்பல்லேருந்து அப்பத்தான் இறங்குன ஏழைங்களை அவரோட உதவியாளர்கள் மொழிபெயர்ப்பாளரை வச்சு சோதிச்சாங்க. யூதர், ஹங்கேரியர், இத்தாலியர், ரஷ்யர் நாலு குழுவுலயும் சுமார் 80 சதவீதம் பேர் மனவளர்ச்சி குறைஞ்சவங்கன்னு வந்துச்சு. கப்பலோட அடித்தட்டுல நாள் கணக்குல பயணம் பண்ணி வந்தவங்களோட, பேனாவே பிடிக்காத கையில பேனாவைக் கொடுத்து வரையச் சொல்லிட்டு வந்த நம்பர் இது.

அப்புறம் முதல் உலகப் போர். உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில சுமார் 17.5 லட்சம் அமெரிக்க சிப்பாய்ங்களுக்குப் பரீட்சை வச்சாங்க, படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஆல்ஃபா, தெரியாதவங்களுக்குப் படம் பாத்துச் செய்யற பீட்டா. ஆல்ஃபாவுல 'கிரிஸ்கோ என்ன பொருள்'னு ஒரு கேள்வி, அது அமெரிக்க சமையல் கொழுப்பு பிராண்டு, சிசிலியிலேருந்து வந்த ஒரு விவசாயிக்கு அது எப்படித் தெரியும். பீட்டாவுல வலை இல்லாத டென்னிஸ் மைதானப் படம் காட்டி என்ன குறையுதுன்னு கேட்டாங்க. இப்படியெல்லாம் கேட்டு, வெள்ளைக்கார அமெரிக்க சிப்பாயோட சராசரி மன வயசு 13தான்னு அறிவிச்சாங்க.

அந்தப் புள்ளிவிவரத்துலயே ஒரு முக்கியமான தடயம் இருந்துச்சு. அமெரிக்காவுல எத்தனை வருஷம் இருந்திருக்காங்களோ அந்த அளவுக்குக் குடியேறிகளோட மார்க் ஏறுச்சு, 20 வருஷம் இருந்தவங்க உள்ளூர்க்காரங்களுக்குச் சமமா வந்தாங்க. இதைப் பாத்தா பரீட்சை அளக்கறது அமெரிக்க வாழ்க்கையோட பழக்கத்தைத்தான்னு தோணணும். ஆனா பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் கார்ல் பிரிகம் 1923ல எழுதுன புத்தகத்துல, வருஷா வருஷம் வர்ற குடியேறிகளோட தரம் குறைஞ்சுட்டே வருதுன்னு தலைகீழா படிச்சாரு. 1924ல குடியேற்றச் சட்டம் வந்து தெற்கு, கிழக்கு ஐரோப்பாக்காரங்களை அடியோட குறைச்சுச்சு. அந்தச் சட்டத்துக்குப் பல காரணம் உண்டு, இந்தப் பரீட்சை மட்டும்தான் காரணம்னு சொல்றது மிகை, ஆனா ஏற்கெனவே இருந்த வெறுப்புக்கு சயின்ஸ் பேரைக் கொடுத்துச்சு. 1930ல பிரிகமே தன் முடிவுங்களுக்கு அடிப்படை இல்லன்னு எழுத்துலயே வாபஸ் வாங்குனாரு. சட்டம் கொண்டு வந்த நாட்டு வாரி ஒதுக்கீடு 1965 வரைக்கும் நீடிச்சுச்சு.

கேரி பக் வழக்கு

வெர்ஜீனியாவுல கேரி பக்னு ஒரு இளம்பெண். வளத்த குடும்பத்தோட உறவுக்காரன் பலாத்காரம் பண்ணி கர்ப்பமானதா அவங்களே பின்னாடி சொன்னாங்க. குடும்பம் அவங்களை மனவளர்ச்சி குறைஞ்சவங்களுக்கான விடுதிக்கு அனுப்பிடுச்சு, அம்மா எம்மாவும் அங்கதான் இருந்தாங்க. டெர்மன் மாத்தியமைச்ச ஸ்டான்ஃபோர்டு பினே பரீட்சையில கேரியோட மன வயசு 9, எம்மாவுக்கு 8க்குக் கொஞ்சம் கம்மி. மூணாவது தலைமுறை வேணுமே, கேரியோட மகள் விவியன் ஏழு மாசக் குழந்தை, பாக்க ஏதோ சரியில்லன்னு ஒரு சமூகப் பணியாளர் சாட்சி சொன்னாங்க. இந்த மாதிரி மெலிசான ஆதாரம்தான். 1927ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1ன்னு கட்டாயக் கருத்தடையை ஏத்துக்கிச்சு, மூணு தலைமுறை மந்தபுத்தி போதும்னு நீதிபதி ஹோம்ஸ் எழுதுனாரு.

விவியன் ஸ்கூல் போய் நல்ல மார்க் எடுத்தவங்க பட்டியல்ல இடம் பிடிச்சா. 8 வயசுல நோய் வந்து செத்துப் போயிட்டா. அமெரிக்கா முழுக்க இந்த மாதிரி சட்டங்கள்ல 60,000க்கு மேல ஆளுங்களுக்குக் கருத்தடை பண்ணாங்க. ஜெர்மனியில நாஜிங்க 1933ல போட்ட சட்டம் அமெரிக்காவுல எழுதி வச்சிருந்த ஒரு மாதிரிச் சட்ட வரைவை முன்னுதாரணமா வச்சுக்கிச்சு, அங்க சுமார் 4 லட்சம் பேர்.

எதிர்ப்பக்கமும் தாவுனாங்க

எல்லாம் பொறப்புங்கறது ஒரு தாவல்னா, எதுவுமே பொறப்பு இல்லங்கறதும் தாவல்தான். 1913ல அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் மனசைப் பத்திப் பேசாதீங்க, வெளிய தெரியற நடத்தையை மட்டும் ஆராய்ங்கன்னாரு. ஒரு டஜன் ஆரோக்கியமான குழந்தைங்களைக் கொடுங்க, யாரை வேணும்னாலும் டாக்டராவோ திருடனாவோ ஆக்கிக் காட்டுறேன்னு சவால் விட்டாரு, கையில இருக்கற ஆதாரத்தைத் தாண்டித்தான் பேசறேன்னு அதே இடத்துல அவரே ஒத்துக்கிட்டாரு. 1950கள் வரைக்கும் அமெரிக்க உளவியல்ல இந்தச் சிந்தனையோட ஆட்சிதான். உளவியலாளர் ஹாரி ஹார்லோவோட சோதனையில குரங்குக் குட்டிங்க பால் கொடுக்கற கம்பி அம்மாவை விட்டுட்டு மெத்துன்னு துணி சுத்துன அம்மாவைக் கட்டிப்பிடிச்சதும், பிள்ளைங்க மொழி கத்துக்கறதை வெறும் பழக்கத்தால விளக்க முடியாதுன்னு 1959ல மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி காட்டுனதும் அதை அசைச்சுச்சு.

'80 சதவீதம் மரபு'ன்னா என்ன அர்த்தம்

இன்னிக்கு அதிகமா குழப்புற வார்த்தை மரபுவழிப் பங்கு. 'இது 80 சதவீதம் மரபு'ன்னா, ஒருத்தரோட குணத்துல 80 பங்கு ஜீன் செஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. ஒரு குறிப்பிட்ட கூட்டத்துல, ஒரு குறிப்பிட்ட காலத்துல, ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல எவ்வளவு ஜீன் வித்தியாசத்தோட சேந்து போகுதுங்கறதுதான். சூழல் மாறுனா அந்த நம்பரும் மாறும்.

கிட்டப்பார்வையை எடுத்துக்குங்க. இரட்டையர் ஆராய்ச்சிங்கள்ல அதோட மரபுவழிப் பங்கு ரொம்ப அதிகமா வருது. ஆனா கிழக்கு ஆசியாவுல ரெண்டு மூணு தலைமுறையில அது தாறுமாறா ஏறிடுச்சு, சியோல்ல 19 வயசு ஆண்கள்ல 96.5 சதவீதம் பேருக்கு இருக்குன்னு 2010ல எடுத்த கணக்கு சொல்லுது. அதுக்குள்ள ஜீன் மாறியிருக்க வாய்ப்பே இல்ல, பிள்ளைங்க வெயில்ல விளையாடறது குறைஞ்சதும் கிட்ட வச்சுப் படிக்கறது கூடுனதும்தான் காரணமா சொல்றாங்க. மரபுவழிப் பங்கு அதிகம், ஆனா மாத்த முடியும், ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை.

ஐக்யூவுலயும் இதே கதைதான். 1980கள்ல ஜேம்ஸ் ஃபிளின் 14 நாட்டுப் புள்ளிவிவரத்தைச் சேத்துப் பாத்து, தலைமுறைக்குத் தலைமுறை மார்க் ஏறிட்டே வருதுன்னு காட்டுனாரு, பத்து வருஷத்துக்குச் சுமார் 3 பாயின்ட். பரீட்சை வைக்கறவங்க சராசரியை அப்பப்ப 100க்கு இழுத்து வைக்கறதால வெளிய தெரியல. நார்வேயில 1970களோட நடுவுக்கு அப்புறம் பொறந்தவங்ககிட்ட அது இறங்க ஆரம்பிச்சுச்சு, ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குள்ளயே அந்த இறக்கம் தெரியுதுன்னு 2018 ஆராய்ச்சி காட்டுச்சு. அப்ப ஏறுனதும் இறங்குனதும் சூழல்தான். அதுக்காக ஐக்யூ பொய்னு ஆகாது, படிப்பு, வேலையில எப்படிப் போவாங்கன்னு ஓரளவு சொல்லத்தான் செய்யுது. அந்த நம்பர் கல்லுல செதுக்குனது இல்ல, அவ்வளவுதான்.

இப்ப கரு விஷயத்துக்கு வருவோம்

மூணு படியை மனசுல வச்சுக்கிட்டு இதுலயும் மூணு கேள்வி கேட்டுப் பாக்கலாம்.

1. அளக்கறது என்ன? கருவுக்குப் போடற ஜீன் ஸ்கோருக்கு (டிஎன்ஏவுல இருக்கற நிறைய சின்னச் சின்ன வித்தியாசங்களைக் கூட்டி எடுக்கற மார்க்) பெரிய அடித்தளம் 'எத்தனை வருஷம் படிச்சாங்க'ங்கற கணக்கு. 2022ல சுமார் 30 லட்சம் பேரை வச்சு நடந்த ஆராய்ச்சியில, படிச்ச வருஷ வித்தியாசத்துல 12லேருந்து 16 சதவீதத்தை ஜீன் ஸ்கோர் கணிச்சுச்சு.
2. அது ஜீனோட வேலையேதானா? ஒரே குடும்பத்துப் பிள்ளைங்களுக்குள்ள பாத்தா அந்த பலம் பாதிக்கு மேல கரைஞ்சு போகுது, ஏன்னா படிச்ச அப்பா அம்மா ஜீனை மட்டும் கொடுக்கறதில்ல, புத்தகம் இருக்கற வீட்டையும் கொடுக்கறாங்க. கால்டன் 1869ல பிரிக்காம விட்ட அதே விஷயம். அதோட இந்தக் கணக்கெல்லாம் ஐரோப்பிய வம்சாவளிக்காரங்களை வச்சுப் போட்டது, மத்தவங்களுக்குப் போட்டா கணிப்பு இன்னும் மோசமாகுது.
3. தேர்ந்தெடுத்தா எவ்வளவு கிடைக்கும்? பத்துக் கரு இருந்து அதுல உச்சத்துல இருக்கறதை எடுத்தா சராசரியா 2.5 ஐக்யூ பாயின்ட் போல கூடலாம்னு 2019ல ஒரு கணக்கு வந்துச்சு. பத்து நல்ல கரு கிடைக்கறதே எல்லா தம்பதிக்கும் நடக்கற காரியம் இல்ல, ஒரே ஆள் ரெண்டு தடவை பரீட்சை எழுதுனாலே இதை விட வித்தியாசம் வரும்.

இதோட பக்கத்துல இன்னொரு நம்பரையும் வச்சுப் பாக்கணும். 1924ல குடியேற்றச் சட்டம் வந்துச்சு, வெர்ஜீனியாவோட கருத்தடைச் சட்டமும் வந்துச்சு, அதே வருஷம் மிச்சிகன்ல கழுத்துக் கழலை நோயைத் தடுக்க உப்புல அயோடின் கலந்து கடையில விக்க ஆரம்பிச்சாங்க. புத்தியைக் கூட்டறது அதோட நோக்கமே இல்ல. பல பத்தாண்டு கழிச்சுப் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் ரெண்டாம் உலகப் போர் சிப்பாய்ங்களோட பதிவுகளைத் தோண்டி, அயோடின் குறைவா இருந்த ஊர்ல உப்பு வர்றதுக்கு முன்னாடி பொறந்தவங்களையும் பின்னாடி பொறந்தவங்களையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. குறைபாடு அதிகமா இருந்த கால்வாசி மக்கள்கிட்ட ஏறுன அளவு சுமார் 15 ஐக்யூ பாயின்ட்.